இருபத்தொரு கட்டியும் நானும்

மார்ச் 3, திங்கள்

எழுபது கிலோ. காலை ஆறே கால் மணிக்கு, வெறும் வயிற்றில், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு. கண்ணாடியும் முப்பது கிராம் இருக்குமே. ஆனால் அது இல்லாமல் எனக்கு முள் தெரியாது. மனைவியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன்.

"எழுபது. தினமும் இதே கூத்தா? கோயில்ல கூட இவ்வளவு பயபக்தியா நீங்க நின்னு நான் பார்த்ததில்ல."

இருபது மாதங்களுக்கு முன் நூற்று முப்பத்தாறு. முழங்கால்கள் கைவிரித்துவிட, லிஃப்ட் பரிசோதகனான என்னை நிறுவனம் மேசை வேலைக்கு மாற்றியது. தட்டைச் சிறியதாக்கினேன். அலுவலகத்துக்குப் படியேறிப் போனேன். முதல் மாதம் ஒரு மாடி, போன மாதம் ஆறும். லிஃப்ட் நிறுவனத்தின் பரிசோதகரே படியில் போகிறார் என்று வாடிக்கையாளர் ஒருவர் புகார் எழுதினார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் தலையாயது அதுதான்.

எங்கள் துறையில் ஓர் ஆள் என்றால் அறுபத்தெட்டு கிலோ. ஆகவே என்னிலிருந்து ஏறக்குறைய ஒரு முழு ஆள் இறங்கிப் போய்விட்டார். போனவர் போர்வையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வயிற்றில் மடிப்பு, தொடையில் சுருக்கம், மேல்கைக்கு அடியில் இரண்டு திரைச்சீலைகள். அதன்மேல் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். இளைத்தால் என்ன ஆகும் என்று பழமொழிக்காரர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நான் சொல்கிறேன்: தோல் மட்டும் யானையாகவே இருக்கும்.

வியாழன் முதல் மறுபடி களப்பணி.

மார்ச் 4, செவ்வாய்

அறுவை மருத்துவரைப் பார்த்தேன். நல்ல மனிதர். ஊதாப் பேனாவால் என் வயிற்றிலும் கைகளிலும் கோடு போட்டார், தையற்காரர் துணியில் சுண்ணாம்புக் கட்டியால் போடுவது போல.

"கை ரெண்டுலயும் வயித்துலயும் சேர்த்து நாலு கிலோ வரும். தழும்பு இருக்கும். ஆனா சட்டை போட்டா தெரியாது."

"இப்பவும் சட்டை போட்டா தெரியாதே டாக்டர்."

சிரிக்கவில்லை. மார்ச் 28, வெள்ளி என்று நாள் குறித்துக் கொடுத்தார். கட்டாயமா என்று கேட்டேன். வயிற்று மடிப்பில் பவுடர் போட்டுப் புண் வராமல் பார்த்துக்கொண்டால் கட்டாயமில்லை, விருப்பம்தான் என்றார்.

அக்கா போனில்: "எடுத்துடுடா. இவ்வளவு கஷ்டப்பட்டு இளைச்சுட்டு, கைய தூக்கினா தொட்டில் மாதிரி ஆடுதே. பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

மனைவியைக் கேட்டேன். "உங்க தோல், உங்க இஷ்டம்" என்றார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் என் இஷ்டத்துக்கு விடப்பட்ட முதல் பொருள்.

எடுத்துவிடலாம். லிஃப்ட் கூண்டின் மேல்மூடியைத் திறக்கப் பரிசோதகன் நாளுக்குப் பத்து தடவை கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் ஆடுகிறது. அதுவரை எந்திர அறையின் வெக்கையிலும் முழுக்கைச் சட்டைதான், மணிக்கட்டுப் பொத்தான் வரை.

மார்ச் 6, வியாழன்

முதல் களப்பணி. எட்டு மாடி அலுவலகக் கட்டடம், எட்டுப் பேர் ஏறும் லிஃப்ட், ஐந்நூற்று நாற்பத்து நான்கு கிலோ தாங்கும். அதைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும், கதவு மூடக் கூடாது.

உடன் வந்தது பழைய மெக்கானிக், சங்கிலி. கழுத்தில் ஒன்றுமில்லை, பேச ஆரம்பித்தால் வளையத்தில் வளையமாகக் கோத்துக்கொண்டே போவார், அதனால் அந்தப் பெயர். எனக்கும் பட்டறையில் ஒரு பெயர் உண்டு: "ரெண்டு பேர்". நூற்று முப்பத்தாறை அறுபத்தெட்டால் வகுத்தால் சரியாக இரண்டு. பெயர் வைத்தவனுக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது.

மணியைச் சோதிக்க, இருபது கிலோ இரும்புக் கட்டிகளை அடுக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சுமக்க வேண்டும் என்பதால் சங்கிலி பதினொரு வருடத்துக்கு முன்பே ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். அவருடைய குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது: "21 கட்டி + சார்".

இன்றும் இருபத்தொன்றை அடுக்கிவிட்டு, "ஏறுங்க சார்" என்றார். ஏறினேன். மணி அடிக்கவில்லை.

"மணி சோம்பேறி ஆயிடுச்சு சார். நம்ம ஆளுங்க மாதிரிதான், தட்டிக் கொடுத்தா..."

கூண்டின் அடியில், மணி எத்தனை கிலோவுக்கு அடிக்கும் என்பதை முடிவு செய்யும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். அடித்தது. சான்றிதழில் கையெழுத்திட்டேன். இருபது மாதம் கழித்துப் போட்ட கையெழுத்து. கொஞ்சம் பெரிதாகவே போட்டுக்கொண்டேன்.

அந்த மணியை எனக்கு நெருக்கமாகத் தெரியும். அந்தக் காலத்தில் ஏழாவது ஆளாக நான் ஏறினால் அடிக்கும். எட்டாவதாக ஒருவர் ஏறினாலும், எல்லாரும் அவரை விட்டுவிட்டு என்னைத்தான் பார்ப்பார்கள். இறங்கி, ஏதோ போன் வந்தது போலக் காதில் வைத்துக்கொள்வேன். வராத போனில் நான் பேசிய பேச்சைத் தொகுத்தால் இரண்டு பாகம் வரும்.

மார்ச் 10, திங்கள்

வேறு கட்டடம். கம்பிவடம் பார்த்தோம். எடை சுமக்கச் சுமக்க வடம் நீளும். எடையை இறக்கிவிட்டாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. இதைக் குறை என்று எந்தப் பரிசோதகனும் எழுதமாட்டான். நானும் வழக்கம்போல எழுதினேன்: "நீட்சி உண்டு. இழை அறவில்லை. பணிக்குத் தகுதி."

எழுதிவிட்டு ஏனோ ஒரு நொடி நின்றேன். சங்கிலி, "பேனா தீர்ந்துடுச்சா சார்?" என்றார்.

மார்ச் 13, வியாழன்

எட்டு மாடிக் கட்டட மேலாளர் போன் செய்தார். "உங்க மணி சும்மா சும்மா கத்துது சார்."

"மணி சரியாத்தான் இருக்கு. ஆளைக் குறைச்சு ஏறச் சொல்லுங்க."

தோரணையாகச் சொன்னேன். ஒல்லியானவர்களின் குரல் எனக்கு இவ்வளவு சீக்கிரம் படிந்துவிடும் என்று எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அக்கா போன். நாள் குறித்தாயிற்று என்றதும் அழுதார், சந்தோஷத்தில். வெட்டப்படப் போவது நான்.

மார்ச் 18, செவ்வாய்

என்ன எழுத? எழுதித்தான் ஆக வேண்டும்.

அதே கட்டடத்தின் எந்திர அறைக்கு எண்ணெய் போட சங்கிலியை லிஃப்டில் அனுப்பிவிட்டு, நான் பழக்கத்தில் படியேறினேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். கனத்த உடம்பு. மடியில் கைப்பை, கையில் செருப்பு, நெற்றியெல்லாம் வியர்வை. நாலாம் மாடி அலுவலகத்தில் வேலையாம்.

"லிஃப்ட் ஓடுதேம்மா, ஏன் படியில?"

"நான் ஏறினா அடிக்குது சார். பன்னெண்டு நாளாச்சு. அதுக்கு முன்னாடி ஒரு நாளும் அடிச்சதில்ல. இப்ப நான் வந்தாலே, 'நீ அடுத்ததுல வா'ங்கறாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொல்றாங்க."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"போன் வந்த மாதிரி..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. அந்த இரண்டு பாகத்தின் ஆசிரியனே எதிரில் நிற்கிறேன்.

எத்தனை பேர் இருக்கும்போது அடிக்கிறது என்று கேட்டேன். அவரோடு சேர்த்து ஏழு என்றார். அங்கேயே படியில் உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டேன். ஆறு பேர், ஏறத்தாழ நானூறு. இவர் நூறே இருக்கட்டும். ஐந்நூறு. ஐந்நூற்று நாற்பத்து நான்குக்கு அடிக்க வேண்டிய மணி ஐந்நூற்றில் ஏன் அடிக்கிறது?

இருபத்தொரு கட்டி, நானூற்று இருபது. அதோடு சார்.

சார் எத்தனை?

தினமும் காலை ஆறே காலுக்கு மனைவியை எழுப்பிக் கேட்டுத் தெரிந்துகொள்கிற அந்த எண்ணை, உலகத்தில் எல்லாரிடமும் சொல்லித் திரிகிற அந்த எண்ணை, கேட்க வேண்டிய ஒரே இடத்தில் கேட்காமல் விட்டிருக்கிறேன். நானூற்றுத் தொண்ணூறு கிலோவை ஐந்நூற்று ஐம்பத்தாறு என்று நம்பி, சரியாக இருந்த மணியைத் திருகிக் கெடுத்திருக்கிறோம். நான் போட்ட பெரிய கையெழுத்தின் கீழே ஒரு பெண் பன்னிரண்டு நாள் படியேறியிருக்கிறார். அதுவும் போதாதென்று, ஆளைக் குறைக்கச் சொன்னேன்!

சீ.

மேலே போய்ச் சங்கிலியிடம் சொன்னேன். அவர் குறிப்பேட்டை எடுத்து முதல் பக்கத்தில் விரலை வைத்தார். பிறகு மெதுவாக, "தினம் உங்களைப் பார்க்கறேன் சார். இளைச்சுட்டீங்கன்னு நானே ஊரெல்லாம் சொன்னேன். ஆனா நோட்டுல சார்னா சார்தானே" என்றார்.

கட்டிகள் பட்டறையில். நாளை காலை.

மார்ச் 19, புதன்

இருபத்து நான்கு கட்டி, நான் எழுபது. மொத்தம் ஐந்நூற்று ஐம்பது. திருகைத் தளர்த்தி மணியை அதன் இடத்துக்குக் கொண்டுவந்தோம்.

சங்கிலியோடு நாலாம் மாடிக்குப் போய் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். தவறு உங்களுடையதல்ல, லிஃப்டுடையதும் அல்ல, என் எடையைப் பழைய நூற்று முப்பத்தாறாகவே வைத்துக் கணக்குப் போட்டுவிட்டோம் என்றேன்.

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "சமாதானத்துக்குச் சொல்றீங்க சார். நீங்களாவது, நூத்து முப்பத்தாறாவது!"

படம் காட்டலாம் என்றால் படமே இல்லை. குடும்பப் படங்களில் எப்போதும் சோபாவுக்குப் பின்னால் நிற்பவன் நான். கழுத்துக்கு மேலே மட்டும் சாட்சி. அவர் சங்கிலியைப் பார்த்தார். சங்கிலி, "சத்தியமாங்க" என்றார். மெக்கானிக் சத்தியத்தை யார் நம்புவார்கள்?

பொத்தானைக் கழற்றினேன். ஏன் செய்தேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. முழுக்கையைத் தோள் வரை சுருட்டிக் கையைப் பக்கவாட்டில் நீட்டினேன். தொங்கியது. மருத்துவரும் மனைவியும் அக்காவும் தவிர யாருக்கும் காட்டாத திரைச்சீலை, வெள்ளைக் கோடுகளோடு, குழல்விளக்கு வெளிச்சத்தில்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. குனிந்து பார்த்தார்.

"வலிக்குமா?"

"இல்ல. ஆடும்."

சிரித்துவிட்டார். "இந்தக் கோடு?"

"ஏறும்போது வந்தது. இறங்கும்போது இது இறங்கல."

"எனக்கும் இருக்கு, தோள்ல" என்றார், ஊர்க்காரரைக் கண்டது போல. பிறகு நிமிர்ந்து, "அப்ப நிஜமாவே நான் இல்ல."

"நீங்க இல்லம்மா. நான்தான். எழுதித் தர்றேன்."

தன் அலுவலகத்துக்குள் போனவர் ஆறு பேரைக் கிளப்பிக்கொண்டு வந்தார். "வாங்க, எல்லாரும் வாங்க, கீழ போய்ட்டு வரலாம்." ஆறு பேரும் ஏறினார்கள். கடைசியாக அவர் ஏறினார். மணி அடிக்கவில்லை. உள்ளே ஒரு குரல், "ஏய், காலை மிதிக்காதடி." அவ்வளவு இனிமையான வசையை நான் கேட்டதில்லை.

கதவு மூடுவதற்குள் சங்கிலி, சோதனையை முடித்துவிடலாம் என்று எட்டாவதாகக் காலை வைத்தார். அடித்தது. ஏழு பேரும் அவரைப் பார்த்தார்கள். அறுபது கிலோ மனிதர். இறங்கி, சட்டைப்பையைத் தடவி, போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

சட்டைக் கையை இறக்க மறந்து, அப்படியே வீடு வரை வந்திருக்கிறேன். பேருந்தில் இரண்டு பேர் பார்த்தார்கள். அறுபத்தாறு கிலோவை ஒரு மனிதன் தனியாளாகத் தூக்கிப் போட்ட இடம் இது என்று அவர்களுக்கு யார் சொல்வது? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

அறிக்கையில் தவறின் காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: "பரிசோதகரின் எடை பழையது."

எங்கள் நிறுவனப் பொறியாளர் படித்துவிட்டு, "இதையெல்லாம் எழுதணுமா?" என்றார். எழுதணும் என்றேன். எனக்கு எழுத்து மூலமான எச்சரிக்கை ஒன்று வரும். வரட்டும். இளைத்ததற்காக எச்சரிக்கப்பட்ட அரசரோ அமைச்சரோ வரலாற்றில் உண்டா, தேடிப் பார்க்க வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

மருத்துவமனைக்கு போன் செய்து, வெள்ளிக்கிழமை வரவில்லை என்றேன். எடுத்த பெண் காரணம் கேட்டார்; படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறதாம்.

"தேவைப்படுது."

"ஆபரேஷனா சார்?"

"தோல்."

எதிர்முனையில் தட்டச்சு செய்யும் சத்தம். என்ன எழுதினாரோ.

எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். வயிற்று மடிப்புக்குப் பவுடர் போதும் என்று மருத்துவரே சொன்னார். இன்னொரு வருடத்தில் எனக்கும் மனம் மாறலாம். ஆனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதற்காக மாறாது.

அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. தைரியத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

மார்ச் 28, வெள்ளி

அக்காவுக்குச் சொன்னேன். நாற்பது நிமிடம். வந்த போனில் இவ்வளவு நேரம் பேசாமலே இருந்தது இதுதான் முதல்முறை.

ஏப்ரல் 2, புதன்

மனைவி ஒன்றும் கேட்காமல் மூன்று அரைக்கைச் சட்டைகள் வாங்கி வந்திருந்தார். நீலத்தைப் போட்டுக்கொண்டேன்.

பத்து மாடிக் குடியிருப்பு. சங்கிலி குறிப்பேட்டின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் புதிதாக எழுதியிருந்தார்: "24 கட்டி + சார். (சாரைக் கேட்கவும்.)" கேட்டார். "அறுபத்தொன்பதரை" என்றேன். எழுதிக்கொண்டார்.

மேல்மூடியைத் திறக்கக் கையைத் தூக்கினேன். ஆடியது. லிஃப்டுக்காகக் காத்திருந்த நாலைந்து பேர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கையை இறக்கவில்லை. இன்னும் இரண்டு திருகு பாக்கி இருந்தது.