ஒரு கண்ணி கூடுதல்

ராஜபாளையம்

ஜெயசித்ரா, மதினி எழுதுதேன். கிழிச்சுப் போடாம கடைசி வரைக்கும் வாசி.

உன் அண்ணன் காரியம் முடிஞ்ச பொறவு அவிய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வேட்டிக்கடியில ஒரு பொம்பளை வாட்ச். யாருதோன்னு எனக்குப் பகீர்னு ஆயிட்டு. வாட்ச் வயசு தெரிஞ்சா ஆளும் தெரிஞ்சிரும்னு ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்குப் பஸ் ஏறிட்டேன்.

கடைக்காரர் மூடியைத் திறந்து, "அறுபதுகள்ல வந்த சாவி வாட்ச்"ன்னார். அப்ப அவியளுக்குப் பல்லே முளைச்சிருக்காது. அப்படின்னா அத்தை மில்லுக்குக் கட்டிட்டுப் போனதுதான். போட்டோவுல அத்தை கையில இருக்குமே, அதே வாட்ச். எனக்குப் போன உயிர் வந்துச்சு.

"சும்மா கிடந்தா உள்ள எண்ணெய் பிசினாயிரும்க்கா. இது ஈரமா இருக்கு பாருங்க"ன்னு, மூடிக்குள்ள ஊசியால கீறின தேதியைக் காட்டினார். போன ஆடி. "நான் கீறினதுதான். ஆமா, அண்ணாச்சி வரலையா?"

அவிய வருசாவருசம் ஆடிப்பூரத் தேருக்குன்னு சொல்லிட்டுத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் போவாவ.

கடைக்காரரே மேல சொன்னார்: "அம்மா வாட்ச், தங்கச்சிக்குன்னு சொல்லுவார். கை இப்பம் தடிச்சிருக்கும்னு செயின்ல ஒரு கண்ணி கூட்டச் சொன்னார்."

நீ எட்வினைக் கட்டிட்டுப் போனதுலருந்து வீட்டுல உன் பேரையே எடுக்கவிடாத மனுசன்.

செட்டியார்பட்டியிலருந்து இங்க எம்புட்டு தூரம்? எட்வின் தம்பியையும் கூட்டிட்டு வா. தினம் காலையில நான் சாவி கொடுக்கேன், நல்லா ஓடுது. வந்து கட்டிப் பாரு. அவிய போட்ட அளவு சரிதானான்னு எனக்குப் பார்க்கணும்.

உன் மதினி