அண்ணா வாங்கிய ரேமும் நீ மாற்றிய போர்டும்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அண்ணாவை இறக்கிவிட்டு வந்ததும் நான் முகம் கழுவவுமில்லை, தேத்தண்ணி போடவுமில்லை. நேரே மேசைக்குப் போய்க் கம்பியூட்டரின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஓர் இடத்தை அளக்க வேண்டியிருந்தது. காலிக்குப் போகும் பெருவீதிப் புழுதியும் கடல் உப்பும் சேர்ந்து பிசுபிசுவென்று படிந்திருந்தன. தூரிகையால் தட்டிக்கொண்டு போனபோது கேசிங் பெட்டியின் மேல் மூலையில் நீ வைத்த சந்தனப் பொட்டு கண்ணில் பட்டது. காய்ந்து வெடித்து, ஓரம் உதிர்ந்து, இன்னும் அங்கேயே இருக்கிறது. வாசம் இருக்குமோ என்று மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். புழுதிதான் ஏறியது. தும்மித் தள்ளினேன். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

வருகிற ஆவணியோடு நீ போய் இரண்டு வருடம். உன்னோடு கதைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். இன்றைக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். கேள்.

பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாடு முழுக்க வரிசையில் நின்ற அந்த வருடம் உனக்கு மறந்திருக்காது. நாங்கள் இருவரும் வரைபடம் கீறிய கட்டடக்கலை அலுவலகம், கட்டுவதற்கு ஒருவரும் இல்லாமல், எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அடுத்த வாரமே நீ கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்து என் கதவைத் தட்டினாய். கட்டப்போகும் கட்டடத்துக்குள் முன்கூட்டியே நடந்து பார்ப்பதுபோலப் படம் செய்து தர, அவுஸ்திரேலியாவில் ஒரு நிறுவனம் ஆள் தேடுகிறது, சோதனைக்கு ஒரு வேலை தருவார்கள், பிடித்தால் தொடர்ந்து தருவார்கள் என்றாய். என் பழைய லெப்டொப்பில் ஒரு யன்னல் கண்ணாடியின் பளபளப்பு வந்து முடிவதற்குள் சோறு வெந்துவிடும். அந்த வேலைக்கு ஏற்ற கம்பியூட்டர் கடைகளில் முழுதாகக் கிடைக்கவில்லை, இறக்குமதி நின்றிருந்தது. பாகம் பாகமாகத் தேடி நாமே பூட்டுவோம் என்றாய். அதுவரை ஒரு பிளெண்டரைக்கூடக் கழற்றிப் பார்க்காத இரண்டு பேர் நாங்கள்.

ஆனால் உனக்கு வரைபடம் தெரியும். இந்த அறைக்குள் அந்தக் கட்டில் கொள்ளுமா என்று பார்க்கிற கண்ணால்தான் நீ இதையும் பார்த்தாய். ஒவ்வொரு பாகத்தின் அளவையும் இணையத்தில் தேடி, சப்பாத்துப் பெட்டி அட்டையில் உண்மை அளவுக்கு வெட்டி, என் சாப்பாட்டு மேசையில் பரப்பினாய். எங்கள் வேலைக்குக் கிராஃபிக்ஸ் கார்ட்தான் மூலவர், அதை முதலில் இருத்து, மற்றப் பரிவாரமெல்லாம் பிறகு என்றாய். தேவாலயத்தில் ஞாயிறு பூசை தவறாத வேதக்காரி வாயில் மூலவரும் பரிவாரமும் வந்ததை நான் பல நாள் சொல்லிச் சிரித்தேன். புரோசசர் எந்தக் குழியில் இருக்கும், அந்தக் குழி எந்த மதர்போர்டில் இருக்கிறது, அந்த போர்ட் எந்தக் கேசிங்குக்குள் போகும், இவ்வளவு பேருக்கும் மின்சாரம் கொடுக்கப் பவர் சப்ளைக்குத் தெம்பு இருக்கிறதா என்று அட்டைகளை நகர்த்திக்கொண்டே இருந்தாய். என் கணவர் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

பம்பலப்பிட்டிக் கம்பியூட்டர் கடைகளில் ஏறி இறங்கி மற்றதெல்லாம் சேர்த்துவிட்டோம். ரேம் மட்டும் கிடைக்கவில்லை. அப்போதுதான் அண்ணாவின் அழைப்பு வந்தது.

எனக்கும் அண்ணாவுக்கும் இடையில் என்ன நடந்தது என்று உன்னைவிடத் தெரிந்தவர் யார். நான் என் விருப்பத்துக்கு ஒருவரைக் கட்டினேன். அண்ணா ரொறன்ரோவில் இருந்து கலியாணத்துக்கு வரவில்லை, வாழ்த்தவுமில்லை. அதன்பிறகு வருடக்கணக்காக எங்களுக்குள் பேச்சு இல்லை. மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் சனம் வெயிலில் நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அன்றைக்குத்தான் முதல் தடவையாக எடுத்தார். நலம் கேட்கவில்லை. "என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். நீ பக்கத்தில் இருந்து என் முழங்கையைக் கிள்ளி, ரேம் கேள் என்று வாயசைத்தாய். கேட்டேன். சரியான வகையின் படத்தையும் நீயே அனுப்பிவைத்தாய்.

அங்கிருந்து ஊருக்கு வந்த ஒரு தெஹிவளை அன்ரியின் பெட்டிக்குள் பால்மாப் பக்கற்றுகளுக்கும் சொக்லட்டுக்கும் நடுவே அது வந்து சேர்ந்தது. நாங்கள் கேட்டது நாலாம் தலைமுறை ரேம், வந்தது ஐந்தாம் தலைமுறை. கேட்டதைவிட நல்லது. எங்கள் போர்டில் இருந்த தடுப்பும் ரேமில் இருந்த வெட்டும் ஒரு நூல் இடைவெளியில் சந்திக்க மறுத்தன. வெளிநாட்டில் இருக்கிற நம்முடைய ஆட்களின் அன்பே அப்படித்தானே. கேட்ட அளவில் சட்டை வராது, கேட்ட மருந்து வராது, எப்போதும் ஒரு படி உசத்தியாக வரும். பெட்டிக்குள் அண்ணாவின் கையெழுத்தில் ஒரு துண்டு: "கடைக்காரன் நீ கேட்டது பழசு எண்டான். உனக்கு ஏன் பழசு?"

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. சோதனை வேலையைக் கொடுக்க ஒரு வாரம்தான் இருந்தது. அதைவிட, இந்த மனிதர் எப்போதும் எனக்கு எது நல்லது என்று தானே முடிவு செய்கிறார் என்ற பழைய கோபம். மாப்பிள்ளையிலும் அதே கதை, ரேமிலும் அதே கதை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத்தான் போனை எடுத்தேன்.

நீ போனை என் கையில் இருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தாய். அந்த ரேமை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். எங்கள் புரோசசர் இரண்டு வகை ரேமோடும் வேலை செய்யும், ஐந்தாம் தலைமுறைக்கான போர்ட் ஒன்று கிடைத்தால் போதும் என்று முதலில் சொன்னாய். பிறகுதான் அதைச் சொன்னாய்.

"எடி, போர்டை மாத்தலாம். அண்ணனை மாத்த ஏலாது."

எனக்கு உன்மேலும் கோபம் வந்தது. நீ யாருடைய பக்கம் என்று கேட்டேன். நீ போர்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாய்.

திறந்த பெட்டியைத் திருப்பி எடுக்கமாட்டேன் என்றுதான் கடைக்காரன் சொன்னான். நீ அவனைத் தம்பி முறையில் மல்லி என்று கூப்பிட்டு, சிங்களத்தில், ஒளிக்காமல் முழுக் கதையையும் சொன்னாய். வருடக்கணக்காகப் பேசாத அண்ணன் அனுப்பியது, பொருந்தவில்லை என்று அவருக்குச் சொன்னால் இவளுக்கும் அவருக்கும் மறுபடி கதையில்லாமல் போய்விடும் என்றாய். என் குடும்ப விஷயம் பம்பலப்பிட்டிக் கடையில் சந்தி சிரிக்கிறதே என்று நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் தானும் தன் அக்காவோடு கதைப்பதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏணியை வைத்து மேல்தட்டில் இருந்து ஒரு போர்டை இறக்கினான்.

பூட்டுகிற அன்று ராகுகாலம் பார்த்தது நானில்லை, நீ. சாமித்தட்டில் இருந்து சந்தனத்தை எடுத்து, போர்டில் ஈரம் படக்கூடாது என்று தகட்டின் மூலையில் பொட்டு வைத்தாய். பிறகு கைப்பையில் இருந்து உன் கோயில் தீர்த்தப் போத்தலை எடுத்து, மூடியைத் திறக்காமலே கேசிங்கைச் சுற்றி ஒருதரம் காட்டினாய். தண்ணியும் கரண்டும் சரிவராது, ஆண்டவர் விளங்கிக்கொள்வார் என்றாய்.

மின் ஆளியை அழுத்தினோம். காற்றாடிகள் சுற்றின, திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஒன்றுமே இல்லை. இன்னும் சற்று நேரத்தில் மின்வெட்டு. எல்லாம் எரிந்துவிட்டது, அண்ணாவின் சாமானும் போச்சு என்று நான் நிறுத்தப் போனேன். நீ என் கையைப் பிடித்து உன் மடியில் வைத்துக்கொண்டாய்.

"புது ரேம் முதல்தரம் போட்டால் போர்ட் அதோட பழக நேரமெடுக்கும். விடு, பழகட்டும்."

கடற்கரைப் பக்கம் ஒரு ரயில் போய் முடிந்தது. நீ உதட்டுக்குள் செபம் சொல்லிக்கொண்டிருந்தாய். பிறகு திரையில் வெள்ளை எழுத்து வந்தது. ரேம் முழு அளவும் காட்டியது. நான் அழுதேன், நீ மூக்கை உறிஞ்சினாய், அதற்குள் கரண்ட் போய்விட்டது.

அன்று பின்னேரம் அண்ணா எடுத்து, வேலை செய்யுதோ என்று கேட்டார். "ஓம் அண்ணா" என்றேன். அண்ணா என்ற அந்த ஒரு சொல்லை அவரிடம் சொல்லி எத்தனை காலம். அதன்பிறகு ஞாயிறு தோறும் எடுத்தார். வேலையும் நிலைத்தது, அது உனக்குத் தெரியும். உன்னை ஆஸ்பத்திரியில் வந்து பார்த்த நாட்களில், உன் நோவைப் பற்றி நான் கேட்குமுன் நீ என்னைக் கேட்பாய், அண்ணா கதைச்சவரோ என்று. அவர் இங்கே வருவார், வந்து உன் வீட்டு மேசையில் இருந்து சாப்பிடுவார், நான் சொல்கிறேன் பார் என்றாய். நான் நம்பவில்லை.

வந்தார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும். இரண்டு கிழமை எங்கள் வீட்டில்தான் நின்றார். முதல் நாள் அவரும் என் கணவரும் ஆளையாள் பார்க்காமல் கிரிக்கெட்டைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் விடிய இரண்டு பேரும் சேர்ந்து பேலியகொடைக்கு மீன் வாங்கப் போய், பாரை மீனை யார் ஏமாந்து வாங்கியது என்று வாக்குவாதப்பட்டுக்கொண்டே படியேறினார்கள். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமும் எவ்வளவு பாரத்தைச் சுமந்தேன் என்று அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்து நின்றேன்.

நேற்று அவருக்குக் கம்பியூட்டரின் உள்ளே காட்டினேன். தன் ரேமைக் கண்டதும் முகம் பூரித்துவிட்டது.

"நான் அப்பவே நினைச்சனான். நல்லதா வாங்கினா எல்லாத்துக்கும் பொருந்தும்."

என் கணவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தார். நான் நீ வழக்கமாக உட்காரும் கதிரையைப் பார்த்தேன். "ஓம் அண்ணா" என்றேன்.

இன்றைக்கு விமான நிலையத்தில், அடுத்த முறை வரும்போது புதுக் கிராஃபிக்ஸ் கார்ட் கொண்டுவருகிறேன், இருப்பதிலேயே பெரியதாகப் பார்க்கிறேன் என்றார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அதன் அளவைத் தேடி, சப்பாத்துப் பெட்டி அட்டையில் வெட்டி, கேசிங்குக்குள் வைத்துப் பார்த்தேன். கொள்ளவில்லை. இரண்டு விரல் வெளியே நிற்கிறது.

நாளைக்குப் பம்பலப்பிட்டிக்குப் போகிறேன், பெரிய கேசிங் ஒன்று பார்க்க.