ஒரே முகவரிக்கு மூன்று பார்சல்

அத்தான்,

கம்பங்கூழ் சட்டியில் இருக்கிறது, மோர்மிளகாய் வறுத்து வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு ரெங்கம்மாக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

நேற்று கூரியர் கடையில் என் எள்ளுருண்டைப் பார்சலை வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். நீங்கள் பேக்டரியிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டியில் தீப்பெட்டிப் படம் இருந்ததுதான் காரணம்; தீப்பெட்டியைக் கூரியரில் அனுப்பக் கூடாதாம். திறந்து காட்டினேன். "நான் நம்புதேம்மா, வழியில பாக்கவன் நம்புவானா?" என்றார் கடை அண்ணாச்சி. அதை வந்து சொன்னதற்கு, "ஓசிப் பெட்டிக்கு எத்தன குத்தம் சொல்லுத!" என்று கத்தினீர்கள். நான் பெட்டியைக் குறை சொல்லவே இல்லை. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டிவிட்டேன், பளிச்சென்று இருக்கிறது.

இப்போது எனக்கு வேறு சந்தேகம். கூரியர், தபால், பஸ் பார்சல் மூன்றில் எது மலிவு, எதில் உருண்டை உடையாமல் போகும்? கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அதனால் அரைக் கிலோ வீதம் மூன்று பெட்டி கட்டி, மூன்று வழியிலும் ஒரே முகவரிக்கு அனுப்பப் போகிறேன். பார்த்துவிட வேண்டியதுதான்!

மதியத்துக்குள் வந்துவிடுவேன்.

காளீஸ்வரி

பி.கு: முகவரி, கோயம்புத்தூரில் இருக்கும் உங்கள் அண்ணனுடையது. நிலத் தகராறுக்குப் பிறகு நீங்கள் பேசுவதில்லை என்று தெரியும். பார்சல் வந்ததும் உங்களுக்குப் போன் பண்ணும்படி அவர்களிடம் சொன்னேன். "தம்பி பழைய நம்பர்தான வச்சிருக்கான்?" என்று கேட்டார்கள்.

மூன்று தடவை போன் வரும். ஒரு தடவையாவது எடுத்து, எத்தனை உருண்டை உடைந்தது என்று மட்டும் கேளுங்கள்.