சனிக்கிழமை பஸ்

பிப்ரவரி 10, திங்கள்

வாலுவின் அப்பாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க மனசு வரவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். கஷாயம் காய்ச்சுவதும் கண் விழிப்பதும் என் பங்கு, ஊர் சுற்றிக் காட்டுவது உங்கள் பங்கு என்று பிரித்துக்கொண்டுதானே வக்கீலிடம் போயிருக்கிறோம்.

போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே கத்திவிடுகிறோம், பிள்ளை விஷயம் எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று கவுன்சலிங் அம்மா சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் கம்பெனி வாசலுக்கே வந்திருப்பேன்.

நேற்று சாயங்காலம் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனீர்கள். பையைக்கூடக் கழற்றவில்லை, "அம்மா, சனிக்கிழமை ஸ்கூல் டூருக்கு அப்பா ஓகே சொல்லிட்டாரு" என்கிறாள். தண்ணீர்ப் பூங்காவாம். மாடி உயரத்திலிருந்து சறுக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் விழுவார்களாம்.

யாரைக் கேட்டு ஓகே சொன்னீர்கள்?

போன மாதம் கழுத்தில் நெறி கட்டி, எச்சில்கூட விழுங்க முடியாமல் அவள் கிடந்தது உங்களுக்கு மறந்திருக்கலாம். சனி, ஞாயிறு மட்டும் அப்பாவாக இருப்பவருக்கு மறப்பது சுலபம். காய்ச்சல் விட்டாலும் உள்ளே மண்ணீரல் வீங்கித்தான் இருக்கிறது, அடிபடக் கூடாது, குதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் போக மாட்டாள். அதை நீங்களே அவளிடம் சொல்லுங்கள். ஆசை காட்டியது நீங்கள், மறுக்கிற பழி மட்டும் எனக்கா?

அவள் அம்மா


பிப்ரவரி 11, செவ்வாய்

என் மகளின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை வாட்ச்மேன் நீட்டினார். பிரிப்பதற்கு முன்பே கை சுட்டது.

காய்ச்சல் விட்டு எத்தனை நாளாகிறது? ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். மீன் தொட்டியைக் கழுவினாள். தோழியோடு போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். உன் வீட்டில் அப்படிச் சிரிக்கிறாளா? நாளெல்லாம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாய், ஊராருக்கெல்லாம் பார்வை சரிபண்ணிக் கொடுக்கிறாய். பெற்ற பெண்ணின் முகம் மட்டும் உனக்கு மங்கலாகத்தான் தெரிகிறது.

டாக்டர் என்றால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். நாங்கள்கூட லிஃப்டில் எட்டுப் பேர் என்று எழுதி ஒட்டுகிறோம். ஒன்பதாவது ஆள் ஏறினால் அறுந்தா விழுகிறது?

பத்தாம் வகுப்போடு இந்தக் கூட்டம் கலைகிறது. ஒருத்தி வேறு பள்ளிக்கு, ஒருத்தி வேறு ஊருக்கு. எல்லோரும் சேர்ந்து போகிற கடைசி டூர் இது. உனக்கு அவள் எப்போதும் நோயாளியாகவே இருக்க வேண்டும். படுத்துக் கிடந்தால்தானே உன் பக்கத்திலேயே இருப்பாள்.

நான் சொன்ன வார்த்தையை மாற்றுவதாக இல்லை.

அவள் அப்பா


பிப்ரவரி 12, புதன்

ஒன்பதாவது ஆளை ஏற்றிவிடுகிறவருக்கு,

உங்கள் கடைசி வரிகளைக் கடையில் நின்றபடி படித்தேன். எதிரே கண்ணாடி மாற்ற வந்த பெரியவர், "என்னம்மா, கண்ணுல தூசியா?" என்றார். ஆமாம் என்றேன். உங்களைப் பற்றி வேறென்ன சொல்வது?

அவள் படுத்துக் கிடப்பது எனக்குப் பிடிக்கிறதா? ராத்திரியெல்லாம் அவள் அனத்தியபோது ஈரத்துணி போட்டது யார்? டாக்டரிடம் கூட்டிப்போன அன்று உங்களுக்கு எத்தனை முறை போன் செய்தேன்? "லிஃப்ட்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிட்டாங்க, அப்புறம் பேசறேன்" என்றீர்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. எவனோ ஒருவன் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டால் ஓடுகிறீர்கள். நானும் அவளும் அந்தக் காய்ச்சலுக்குள் மாட்டிக்கொண்டிருந்தோம்.

நீங்கள் வராததால் டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவர் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "பாப்பா, ஒரு மாசத்துக்கு விளையாட்டு, ஓட்டம் எதுவும் கூடாது. வலி வந்தா உடனே அம்மாகிட்ட சொல்லணும், மறைக்கக் கூடாது" என்றார். பாப்பா என்று கூப்பிட்டதற்கு அவள் முறைத்தாள். அவர் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

இரண்டு நாளாக மேஜைமேல் சாய்ந்தபடியே படிக்கிறாள். "வலிக்குதாடி?" என்று கேட்டால், "இல்லம்மா, சும்மாதான்" என்று எழுந்து போய்விடுகிறாள். எனக்கு மனசு சரியில்லை.

இன்று அவள் வகுப்பு டீச்சரிடம் பேசிவிட்டேன். டூரிலிருந்து அவள் பெயரை எடுத்தாயிற்று. விஷயம் முடிந்தது.

அவள் அம்மா


பிப்ரவரி 13, வியாழன்

முடிந்தது என்று நீயாகவே முடிவு கட்டுகிறவளுக்கு,

பெயரை எடுத்துவிட்டேன் என்று எவ்வளவு பெருமையாக எழுதுகிறாய்! அதை அவளிடம் முதலில் சொல்ல உனக்குத் தைரியம் வந்ததா? வகுப்பில் பஸ் சீட்டு பிரித்தபோது அவள் பெயர் வரவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். பள்ளி விட்டதும் நேரே என் கம்பெனிக்கு வந்துவிட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பேனரை உருட்டிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

"போகணுமா வாலு?" என்று கேட்டேன். "உங்க இஷ்டம்ப்பா" என்றாள். பதினைந்து வயசுப் பெண் எதற்கெடுத்தாலும் உங்க இஷ்டம் என்று சொல்கிற அளவுக்கு அவளை நசுக்கி வைத்திருக்கிறாய்.

நானும் டீச்சரிடம் பேசினேன். பெயரைத் திரும்பச் சேர்த்தாயிற்று. சறுக்கலில் ஏற வேண்டாம், தண்ணீரில் இறங்க வேண்டாம், கரையில் உட்கார்ந்து எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று டீச்சரே சொன்னார். பைக்குக் காவல் இருந்தால் மண்ணீரலுக்கு என்ன வந்துவிடும்? அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டு எழுது!

நாளை சாயங்காலத்திலிருந்து அவள் என் வீட்டில். கோர்ட்டில் ஒத்துக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். சனிக்கிழமை காலை நானே பஸ்ஸில் ஏற்றிவிடுவேன்.

அவள் அப்பா


பிப்ரவரி 14, வெள்ளி

பதினைந்து வயசுப் பிள்ளைகள் தண்ணீரில் கொட்டமடிக்கும்போது ஒருத்தி மட்டும் பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நம்புகிறீர்களே, நீங்களும் ஒரு காலத்தில் பதினைந்து வயசில் இருந்தவர்தானா? யாராவது விளையாட்டுக்கு ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

ஏற்றிவிடுங்கள். நானும் வருவேன். பஸ் முன்னால் நிற்பேன். என்மேல் ஏற்றிக்கொண்டு போகட்டும்.


பிப்ரவரி 16, ஞாயிறு
ஆஸ்பத்திரி

வாலுவின் அம்மாவுக்கு,

காலையில் நான், சாயங்காலம் நீ என்று முறை போட்டுக்கொண்டதால் வார்டில் நாம் பார்த்துக்கொள்வதில்லை. அதனால் இதை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவள் தூங்குகிறாள்.

நேற்று ஸ்கேன் அறைக்குள் ஒருவரைத்தான் விட்டார்கள். நான் முந்திக்கொண்டு நுழைந்தேன். உள்ளே என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பஸ் படிக்கட்டில் நின்று நீ கத்தினாய், நானும் கத்தினேன். "இவ ஒரு ராட்சசி" என்று நான் சொன்னதும், "இவருக்குப் பிள்ளை ஒரு பொம்மை" என்று நீ சொன்னதும் பஸ் ஜன்னல் முழுக்க நிறைந்திருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்டது. நம் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றவள் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டதை நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. டீச்சர்தான் ஓடிவந்தார். இடது விலாவைப் பிடித்துக்கொண்டு வெளுத்துப்போய்க் கிடந்தாள்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, "எப்பலேருந்து வலிக்குது?" என்று கேட்டார்.

"திங்கக்கிழமையிலேருந்து."

"வீட்ல யார்கிட்டயும் சொல்லலையா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"வலிக்குதுன்னு சொன்னா அம்மா சொன்னது சரியாயிடும். அப்பா தோத்துடுவாரு. வலிக்கலன்னா அப்பா சொன்னது சரியாயிடும். நான் எதுக்கு இவங்களுக்குத் தீர்ப்பு சொல்லணும்? அதான் வாயே திறக்கல."

டாக்டரம்மா கையிலிருந்த கருவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரி, உனக்கு டூர் போகணும்னு இருந்துதா, இல்லையா?" என்று அவரே கேட்டார்.

"முதல்ல ரொம்ப இருந்துது. அப்புறம் இவங்க சண்டையில எனக்கு என்ன வேணும்னே தெரியல."

மண்ணீரல் உறைக்குள் லேசாக ரத்தம் கசிந்திருக்கிறது, தானாகவே நின்றுவிட்டது, அசையாமல் படுத்திருந்தால் ஆபரேஷன் வேண்டியதில்லை என்கிறார்கள். பஸ்ஸில் போய் எங்காவது இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. டாக்டரம்மாவே சொன்னார். அதை எழுத என்னால் முடியாது.

நீ சொன்னது சரிதான். எழுதிவிட்டேன், வைத்துக்கொள். ஆனால் அவள் வலியை மறைத்தது என்னிடம் மட்டுமல்ல. உன் வீட்டிலும் நான்கு நாள் மறைத்திருக்கிறாள்.

இன்று காலை, "என்ன வாங்கிட்டு வரட்டும் வாலு?" என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம். நீங்க ஒண்ணு சொல்லி, அம்மா அதுக்கு ஆமான்னு சொல்றத ஒரு தடவை பாக்கணும். இல்லன்னா அம்மா சொல்லி நீங்க. எதுக்குன்னாலும் பரவால்ல. குழம்புல உப்பு இருக்கான்னு கூட இருக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தால் வலிக்கிறது அவளுக்கு.

அவள் அப்பா


பிப்ரவரி 20, வியாழன்

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதிய இரண்டையும் கிழித்துப் போட்டேன். இரண்டிலும் திட்டுதான் இருந்தது.

அந்தக் கோபம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எல்லோர் முன்னாலும் ராட்சசி என்றது இன்னும் காதில் கிடக்கிறது. நான் சொன்னது சரி என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே என் வீட்டிலும் மறைத்தாள் என்று குத்தினீர்களே, அது வலித்தது, ஏனென்றால் அது உண்மை. மேஜைமேல் சாய்ந்திருந்தவளை ஒரு கேள்வி கேட்டேன், இல்லை என்றாள், விட்டுவிட்டேன். டீச்சருக்குப் போன் செய்வதில்தான் எனக்கு அவசரம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாளை காலை பெரிய டாக்டர் வருகிறார். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிடுவார் என்று நர்ஸம்மா சொல்கிறார். ஆனால் ஒரு மாதம் மாடிப்படி ஏறக் கூடாதாம். என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டும் எனக்கு வாய்த்தது அவ்வளவுதான். உங்கள் வீடு தரைத்தளம்.

இரண்டு நாளாக யோசித்தேன். யாராவது தூக்கிக்கொண்டு போக மாட்டார்களா, கீழ்வீட்டுக்காரர் ஒரு அறை தர மாட்டாரா என்று அலைந்தேன். எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடை முடிந்ததும் தினமும் நான் உங்கள் வீட்டுக்கு வருவேன். அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவள்தான். மிதிப்பேன். நீங்கள் என்னோடு பேச வேண்டாம், காபி வேண்டாம், உட்கார் என்று சொல்லவும் வேண்டாம். கதவை மட்டும் திறந்து வையுங்கள். அவளுக்குச் சாப்பாடு கொடுத்து, தலை வாரிவிட்டுப் போய்விடுவேன்.

நாளை காலை கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். டாக்டர் வரும்போது நானும் வார்டில் இருப்பேன். அம்மா வீடா, அப்பா வீடா என்று அவர் கேட்பார். அவளும் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருப்பாள். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். அப்பா வீடு என்று நான் சொல்வேன். நீங்கள் ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

சொல்லும்போது ஜெயித்த மாதிரி சிரித்துவிடாதீர்கள். அவள் நம் இரண்டு பேர் முகத்தையும்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் அம்மா