நான் ‘இல்லை’ போட்ட கேள்வி

அன்புள்ள தவக்களைக்கு அக்கா எழுதுவது.

காலையிலிருந்து ஒன்பது முறை கூப்பிட்டுவிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுக்கமாட்டாய் என்று தெரிந்துதான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

அம்மா உன் படத்தை மாடிவீட்டார் வரை காட்டியாயிற்று. முதுகில் சிலிண்டரோடு நீ நிற்கிறாயே, அந்தப் படம். என் பையன் கப்பலுக்கு அடியில வேலை பாக்கப் போறான் என்று ஒரே பெருமை. அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

நீச்சல் குளத்துப் பயிற்சியைப் போன வாரம் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். காற்று தீர்ந்துபோனதாக நினைத்துக்கொண்டு, ஒரே மூச்சை ‘ஆ’வென்று விட்டபடியே நீந்த வேண்டுமாம். பாதியில் உன் குமிழ்கள் நின்றுவிட, மூச்சை விடச் சொல்லிப் பயிற்சியாளர் வயிற்றில் தட்டினாராம். ஊசியைக் கண்டாலே மூச்சைப் பிடித்துக்கொள்கிற ஆள்தானே நீ! அதுகூடப் பழகிவிடும். என் பயம் வேறு.

பத்து மீட்டர் ஆழத்தில் நெஞ்சில் இருக்கும் காற்று, மேலே வருவதற்குள் இரண்டு மடங்காகும். நல்ல நுரையீரல் அதை வெளியே விட்டுவிடும். உன் இடது நுரையீரலில் மூன்று வருடத்துக்கு முன் காற்று கசிந்த இடம் அதை வெளியே விடாமல் அடைத்துக்கொண்டால், நீ எத்தனை ஒழுங்காக ‘ஆ’ சொல்லியும் பயனில்லை, நுரையீரல் கிழிந்துவிடும். அன்று படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். நான் இருந்தேன், வண்டியில் ஏற்றினேன். கடலுக்குள் யார் இருக்கிறார்கள்?

உடல்நலப் படிவத்தை நிரப்பியது நான். நுரையீரலில் காற்றுக் கசிவு உண்டா என்ற கேள்வியில் என் பேனா நின்றது. அது பழைய கதைக்கா, எழுதினா கழிச்சு விட்டுடுவாங்க என்று கெஞ்சினாய். உன் முகத்தைப் பார்த்து ‘இல்லை’யில் டிக் போட்டேன். தெரியாதவள் போட்டிருந்தால் மன்னிக்கலாம். எக்ஸ்ரே அறையில் அந்தக் கசிவைப் படம் எடுத்தவளே நான். இப்போதெல்லாம் வேலையில் கவனம் நிற்பதில்லை. நேற்று ஒருவருடைய படத்தில் இடதையும் வலதையும் மாற்றிக் குறித்துவிட்டேன். நல்லவேளை, டாக்டர் பார்த்துவிட்டார்.

வியாழக்கிழமை கடலில் பத்து மீட்டரிலிருந்து மேலே வரும் பயிற்சி என்றாய். அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. இன்று காலை உன் பயிற்சியாளரிடம் எல்லாவற்றையும் சொல்லி, பழைய எக்ஸ்ரேயையும் அனுப்பிவிட்டேன்.  இப்பவாவது சொன்னீங்களேம்மா என்றார் அவர். நுரையீரல் டாக்டர் சொல்லாமல் உன்னைத் தண்ணீரில் இறக்கமாட்டாராம். அநேகமாக இந்த வேலை உனக்கு இல்லை.

துரோகம் செய்துவிட்டேன் என்பாய். சொல்லிக்கொள். ஆனால் உன் வீம்பு எனக்குத் தெரியும். அவர் இறக்காவிட்டால் என்ன, கூட்டாளியோடு போய்ச் செய்து காட்டுகிறேன் என்று கிளம்பிவிடுவாய். நீ போனை எடுக்காத ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த நினைப்புதான்.

தம்பி, வருடக் கணக்கில் என்னோடு பேசாதே. என் முகத்திலேயே விழிக்காதே. அத்தனையும் தரையில் நின்றுகொண்டு செய். உன் கோபம் தீராமலே நீ கிழவனாக வேண்டும்.

நீ திட்டுவதைக் கேட்கக் காத்திருக்கும்,
அக்கா