ஸ்டோர் ரூமில் ஒன்பது நாள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம், ஸ்டோர் ரூம் கதவு ஒன்றைத் தவிர. அது கழன்று சுவரோடு சாய்ந்து நிற்கிறது. நீ சுகமாக இருப்பதைப் போனில் கேட்டுவிட்டேன், ஆனால் போனில் சொல்லும் சுகத்தை நான் முழுசாக நம்புவதில்லை என்று உனக்கே தெரியும். நம் வீட்டில் போன் வந்தால் உன் மாமா பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுவான், நீ என்னிடம் பேசுவதை மாடி வீடு வரைக்கும் கேட்பார்கள், அப்புறம் நான் எங்கே மனம்விட்டுப் பேச? அதனால்தான் கடிதம். அந்த ஸ்டோர் ரூமுக்குள்ளேதான் அரிசி டின்மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கதவு இருந்த இடத்தில் பழைய போர்வை தொங்குகிறது. நான் உள்ளே இருக்கிறேன் என்றால் இப்போதெல்லாம் ஒருவரும் கிட்டே வருவதில்லை, கோபத்தில் இருக்கிறேன் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், அதை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும். உன் விமானப் போட்டியின் முதல் நாள் நம் முன்னறையே தியேட்டர் மாதிரி ஆகிவிட்டது. கம்ப்யூட்டரை மாமா பெரிய டிவியோடு இணைத்தான். அடுத்த தெருக் கணக்கு டீச்சர் சுவரில் பெரிய காகிதம் ஒட்டி, நம் நாட்டு அணியில் உங்கள் மூன்று பேருக்கும் தனித்தனிக் கட்டம் போட்டார். மாடியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் பதினோரு பேர். எஞ்சின் இல்லாத அந்த விமானத்தை இன்னொரு விமானம் மேலே இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும், அதன் பிறகு சூடாக எழும்பும் காற்றைத் தேடிப் பிடித்து, அதிலேயே சுற்றிச் சுற்றி உயரம் ஏறி, சொன்ன மூன்று இடங்களையும் தொட்டுவிட்டு யார் சீக்கிரம் திரும்புகிறார்களோ அவர்களுக்கு அதிகப் புள்ளி, ஒன்பது நாள் புள்ளியையும் கூட்டி அணிக்குப் பதக்கம் என்று டீச்சர் எல்லாருக்கும் பாடம் நடத்தினார். எஞ்சின் இல்லாத வண்டியை எவனாவது ரோட்டில்கூட எடுப்பானா என்று உன் அப்பா கேட்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் வேறென்ன கேட்பார்? எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் நீ ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் உன் உயரம் ஓர் எண். அந்த எண் குறைய ஆரம்பித்ததும் எழுந்துவிட்டேன். நூல் பெட்டி எடுக்கிற சாக்கில் ஸ்டோர் ரூமுக்குள் போய்விட்டேன். கதவைச் சாத்தினேன், வெளித் தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது. கத்தினேன், தட்டினேன், அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? இரண்டரை மணி நேரம் உள்ளேயே கிடந்தேன். கடைசியில் சர்க்கரை டப்பா தேடி மாமா கதவைத் திறந்தான், அன்றைக்கு நீ முதலாவதாக வந்திருந்தாய். அக்கா உள்ளேயா இருந்தே, முழு நேரமுமா என்று கேட்டுவிட்டு அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் நான் முன்னறையில் உட்கார்ந்தேன், அணி ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியது. மூன்றாம் நாள் மாமா என் முன்னால் குந்தி உட்கார்ந்து, கோவிச்சுக்காதக்கா, ஒரே ஒரு தடவை உள்ளே போய் உக்காரேன், சும்மா பாப்போம் என்று கெஞ்சினான். போனேன். அன்றைக்கு நீங்கள் நாலாம் இடம். அடுத்த நாள் மூன்று. அவ்வளவுதான், என் தலையில் எழுதி ஒட்டிவிட்டார்கள். சும்மா உள்ளே இருந்தால் போதாதாம், வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டால்தான் கணக்கில் வருமாம். நாலரை மணிக்கு உங்கள் விமானங்கள் மேலே ஏறும்போது நான் உள்ளே, ஏழு ஏழேகாலுக்கு நீங்கள் இறங்கும்போது நான் வெளியே. பட்டறையில் பகல் முழுக்க பஸ் சீட்டுக்கு உறை தைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து முகம் கழுவி, கைதி மாதிரி உள்ளே போவேன். தலையணை, தண்ணீர் பாட்டில் எல்லாம் கொடுத்தார்கள், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. வருகிறவர்கள் கதவுக்கு வெளியே நின்று, சௌக்கியமாம்மா, உங்களாலதான் எல்லாம் என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். பதக்கம் என் கையில் இருப்பது போல.

நீ கேட்பாய், ஏம்மா ஒத்துக்கிட்டே என்று. மாமாவுக்காக என்று மற்றவர்களிடம் சொன்னேன். வேலை போனதிலிருந்து அவன் வாய் விட்டுச் சிரித்ததே இந்த ஒன்பது நாளில்தான், அது உண்மைதான். ஆனால் நிஜமான காரணம் அது இல்லை. அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தைரியம் இல்லை. சுவரைப் பார்ப்பது சுலபமாக இருந்தது. நீ என்னை மூன்று தடவை கூப்பிட்டாயே, விமானத்தை ஏத்துற டிரெய்லரை இழுக்கிற காரில் முன்சீட்டு காலியாத்தான் இருக்கு, இறக்கையைக் கழற்றி மாட்ட ஒரு கை வேணும், நான் எங்கேயாவது வயல்ல இறங்கிட்டா கார் ஓட்டுற டிரெய்லர் அண்ணனோட தேடிட்டு வரலாம், வாம்மா என்று. பட்டறையில் அவசர ஆர்டர் என்று சொன்னேன். ஆர்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயம். வேறொன்றும் இல்லை.

அந்த அறையை உனக்குத் தெரியும், கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். மேலே ஒரு சாண் ஜன்னல், அதில் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய் மட்டும் தெரியும். மூன்று நாளுக்குள் எனக்குச் சத்தத்தை வைத்தே எல்லாம் பிடிபட்டுவிட்டது. நாற்காலி நகர்ந்தால் நீ ஒரு இடத்தைத் தொட்டுவிட்டாய். உச்சுக்கொட்டினால் இறங்குகிறாய். மாமா தினமும் முதலில் திரையின் மூலையைப் பார்த்து, காத்து இன்னைக்கும் பதினஞ்சு, அருமையான காத்து என்று அறிவிப்பான், டீச்சரும் அதைக் காகிதத்தில் குறித்துக்கொள்வார். உள்ளே இருக்கிறவளிடம் நிலவரம் சொன்னால் ராசி போய்விடும் என்று அதற்கும் தடை. உன் அப்பா மட்டும் கதவோரம் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்துகொள்வார். கால் மணிக்கு ஒரு தரம் விரலால் மெதுவாக ஒரு தட்டு. எல்லாம் சரி என்று அர்த்தம். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, அவராகவே ஆரம்பித்தார். அந்த ஒரு தட்டுக்காகத்தான் நான் அந்த டின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி நாள் காலையில் அணி இரண்டாம் இடத்தில் இருந்தது உனக்கு நினைவிருக்கும், மறக்கக்கூடியதா அது. நீங்கள் மூன்று பேரும் ஒழுங்காகத் திரும்பிவிட்டால் வெள்ளி. இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். ஐந்தே முக்கால் வரைக்கும் தட்டு சரியாக வந்தது. ஆறு மணிக்கு வரவில்லை. உச்சுக்கொட்டல்கூட இல்லை, இருபது பேர் இருக்கிற வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. என்னங்க என்று கூப்பிட்டேன். நானே கதவைத் தட்டினேன். அக்கா, கொஞ்ச நேரம் பேசாம இரு என்று மாமா சொன்னான். திறடா என்றேன். இப்ப திறந்தா எல்லாம் போயிடும்க்கா, இன்னும் பத்து நிமிஷம் என்றான். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று இருபது பேருக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாது. ஊரெல்லாம் வெள்ளிக்கு வேண்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான், பதக்கமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், தோத்துப் போனாலும் பரவாயில்லை, என் பொண்ணு கீழே இறங்கிடணும் என்று வாய்விட்டே சொன்னேன். இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது. நான் உன் தோல்வியைக் கேட்டு வாங்கினேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. நூல் பெட்டியில் தையல் மிஷினுக்கான சின்ன ஸ்க்ரூ டிரைவர் கிடந்தது. தாழ்ப்பாள்தான் வெளியே, கீல் உள் பக்கம்தானே. மூன்று கீல், ஒவ்வொன்றிலும் நான்கு, மொத்தம் பன்னிரண்டு ஸ்க்ரூ. வருஷக்கணக்காக மேலே மேலே பெயின்ட் அடித்து மெழுகியிருந்தார்கள். சுரண்டிச் சுரண்டி ஒவ்வொன்றாகக் கழற்றினேன், உள்ளங்கையில் தோல் உரிந்தது. பதினோராவதைக் கழற்றியதும் கதவு தானே பிய்த்துக்கொண்டு என் தோள்மேல் சாய்ந்தது, தள்ளிவிட்டேன், சமையலறையே அதிர்ந்தது. நான் முன்னறைக்கு ஓடி வரவும் அந்தப் புள்ளி அசையாமல் நிற்கவும் சரியாக இருந்தது. உயரம் என்று இருந்த இடத்தில் பூஜ்யம். பன்னிரண்டு நிமிஷமாகத் தாழ்வாகச் சுற்றிச் சுற்றி ஏறப் பார்த்தாயாம், முடியவில்லையாம். அத்தனை பேரும் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். போச்சுக்கா, நீ வந்தே, அது விழுந்துடுச்சு என்றான் மாமா. விழுந்துடுச்சு என்ற அந்த ஒரு சொல்லோடு நாற்பது நிமிஷம் நின்றேன், உன் டிரெய்லர் அண்ணன் போன் செய்யும் வரைக்கும். பத்திரமா வயல்ல இறக்கிட்டாம்மா, ஒரு கீறல் இல்லை என்று அவர் சொன்னபோது உன் அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அணி ஐந்தாம் இடம். உன் மேல் ஒருவருக்கும் கோபமில்லை. எல்லாம் என் மேல்தான். மாமா நாலு நாளாக என் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவதில்லை. இன்னும் ரெண்டே நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா என்று மாடி வீட்டம்மா படியில் வைத்தே கேட்டுவிட்டார். கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது, பட்டறை வரைக்கும் செய்தி போய்விட்டது. அவர்கள் சொல்வது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் உள்ளே என்ன வேண்டிக்கொண்டேன் என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கதவைக் கழற்றிய பிறகும் அதற்குள்ளேயே கிடந்தேன்.

நேற்று மத்தியானம் வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் உன் டிரெய்லர் அண்ணன் உன் சாமான் பார்சலைப் பற்றிக் கேட்கப் போன் செய்தார். பேச்சுவாக்கில், நாங்க எல்லாரும் அவ இறங்கினதை அந்த நிமிஷமே பார்த்துட்டோம் தம்பி என்றேன். அதெப்படிம்மா என்று சிரித்தார். ஒருத்தர் எங்க ஏறுறாங்கன்னு திரையைப் பாத்து இன்னொருத்தருக்குச் சொல்லிடக் கூடாதுன்னு எல்லாத்தையும் கால் மணி பிந்தித்தாம்மா காட்டுவாங்க, மூலையில பதினஞ்சுன்னு போட்டிருக்குமே, பாக்கலையா என்றார். பார்க்காமல் என்ன, ஒன்பது நாளும் பார்த்தோம். காற்று என்று பார்த்தோம்! ஒன்பது நாளும் ஒரே வேகத்தில் எந்த ஊரிலாவது காற்று அடிக்குமா என்று கணக்கு டீச்சருக்குக்கூடத் தோன்றவில்லை பார். அப்புறம் அவர் சொன்னார், நான் போய்ச் சேர்றப்போ இறக்கை நிழல்ல சாஞ்சுக்கிட்டு பிஸ்கட் தின்னுட்டு இருந்தாம்மா, இறங்கி ரெண்டு நிமிஷத்துலயே பாக்கெட்டைப் பிரிச்சுட்டேன்னு சொன்னா என்று.

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன், டீச்சர் துணை இல்லாமலே. வீட்டில் சத்தம் அடங்கியது ஆறு மணிக்கு, திரையில் பூஜ்யம் வந்தது ஆறு பன்னிரண்டுக்கு, அதில் கால் மணியைக் கழி. சத்தம் அடங்குவதற்கு முன்பே நீ தரையில் இருந்தாய். நான் வேண்டிக்கொண்டது அதற்குப் பிறகு, முதல் ஸ்க்ரூவில் கை வைத்தது அதற்கும் பிறகு. நான் உள்ளே அழுது கதறிக்கொண்டிருந்தபோது நீ பிஸ்கட் தின்றுகொண்டிருந்திருக்கிறாய், அடிப்பாவி! சிரித்தேன், கொஞ்ச நேரத்தில் அழுதேன், இரண்டும் எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். முப்பது வருஷத்துல ஒரு நாளும் கால் மணி லேட்டா நான் வண்டி எடுத்ததில்லை என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டு, கதவில்லாத அந்த நிலைச் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வருஷப் போட்டிக்கென்று இன்று காலையே பித்தளையில் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்துவிட்டான், கதவை மாட்ட ஞாயிற்றுக்கிழமை ஆளும் சொல்லியிருக்கிறான். ஞாயிறன்று ஆள் வருவதற்குள் சொல்லிவிடுவேன், அவன் வருத்தப்படுவான், படட்டும், அவன் என் தம்பி, தாங்கிக்கொள்வான். உள்பக்கம் மாட்டுவதானால் அந்தத் தாழ்ப்பாளுக்கு நானும் சம்மதம்.

நீ தோற்றது பற்றி மனசை அலட்டிக்கொள்ளாதே. வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, காலையில் வெறும் வயிற்றோடு விமானத்தில் ஏறாதே, பிஸ்கட் சாப்பாடு ஆகாது. நல்ல காற்றும் நல்ல வயலும் உனக்கு எப்போதும் கிடைக்கட்டும், நூறு வயசு நன்றாக இரு. ஒன்றே ஒன்று மறக்காதே. டிரெய்லர் அண்ணனிடம் நேற்றே கேட்டுவிட்டேன், அடுத்த வருஷமும் அந்த முன்சீட்டு காலியாம். அதை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே. கால் மணி பிந்தி உன்னைப் பார்க்க இனி என்னால் ஆகாது.

உன் வரவையும் என் புறப்பாட்டையும் எண்ணிக்கொண்டிருக்கும்,
அம்மா