எழுத்துக்குத் தொப்பி

மார்ச் 4
இன்று சொல்லாதது: “யாரும் எடுக்காததற்குக் காரணம், தேடினால் கிடைக்காததுதான் சார்.” விழுங்கிவிட்டேன்.

தலைமை நூலகர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாடிப்படி அருகே நின்றார். அங்கேதான் பிறமொழி அலமாரி. ஒரு வருஷமாக அதிலிருந்து ஒரு புத்தகம்கூட வெளியே போகவில்லையாம். மாதக் கடைசியில் எடைக்குப் போட்டுவிடலாம் என்றார். நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன்?

மார்ச் 5
எதிர்ச்சாரியில் துணி திருத்தித் தரும் தையல்கார அக்கா வந்தார். சிறுவயதில் அவர் அம்மா படித்துக்காட்டிய நாவல் வேண்டும், அவர்கள் மொழியிலேயே. எங்கள் தேடல் கணினி பழைய லினக்ஸ். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். அவர்கள் மொழிக்கும் ஆங்கில எழுத்துதான், ஆனால் சிலவற்றின் தலையில் கோடோ புள்ளியோ இருக்கும்; அப்படி எழுத்து வந்தால் வெறும் கட்டம் காட்டும். அதைத் தட்ட விசையும் இல்லை. கோடில்லாமல் தட்டினார். ‘இல்லை’ என்றது.

“எந்தக் கம்ப்யூட்டரும் என் பேரையே இப்படித்தான் குதறும். விடுங்க தங்கச்சி.”

அவர் போன பிறகு அலமாரியில் பார்த்தேன். மேல்தட்டில் இருந்தது. நாங்கள் அவரிடம் பொய் சொல்லியிருக்கிறோம்.

மார்ச் 6
கணினியின் கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. அனுமதிதான் இல்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள், அதனால் கேட்கவில்லை.

மதிய இடைவேளையில் எழுத்துருவை மாற்றினேன். கட்டங்கள் போய் எழுத்துகள் வந்தன, கோடும் புள்ளியுமாக. பிறகு விசைப்பலகை. வலது ஆல்ட் விசையை அழுத்தி, கோட்டைத் தட்டி, எழுத்தைத் தட்டினால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. வேலையில்லாமலே தட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னேன். “எழுத்துக்குத் தொப்பி மாட்டவா உன்னப் படிக்க வச்சேன்?” என்றாள் அம்மா.

மார்ச் 7
காலையில் மறுபடி கட்டங்கள். கணினி தொடங்கும்போது படிக்கும் கோப்பில் எழுத மறந்திருக்கிறேன். மக்கு. எழுதினேன்.

மார்ச் 10
திருப்பித் தராத புத்தகங்கள் திரையில் பளிச்சென்று மஞ்சளாகத் தெரியும். அவை மங்கிப் பழுப்பாகியிருப்பதை இன்றுதான் கவனித்தோம். எழுத்துகள் அதிகமுள்ள எழுத்துருவைப் போட்டால் பளிச் நிறங்களுக்கு இடமிருக்காதாம். தெரிந்திருக்க வேண்டும் — தெரியவில்லை.

தலைமை நூலகர் எல்லோர் முன்னும் கேட்டார்: “யாரு கை வச்சது?”

“நான்தான் சார்.”

“யாரக் கேட்டு?”

“யாரையும் கேக்கல. தேடினா கிடைக்காத புத்தகத்த யார் சார் எடுப்பாங்க?”

நாளைக்குள் பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்றார்.

“மஞ்சளக் கொண்டு வந்துடறேன். எழுத்த எடுக்க மாட்டேன்.”

இந்தத் தடவை விழுங்கவில்லை, சொல்லியாயிற்று.

மார்ச் 11
ஊரிலுள்ள எல்லா மொழிக்குமான எழுத்துருவை விட்டுவிட்டு, அந்த அலமாரிக்குப் போதுமான சின்னதைப் போட்டேன். மஞ்சள் திரும்பியது. கோடுகளும் நின்றன.

கடைக்கே போய்த் தையல்கார அக்காவைக் கூட்டி வந்தேன். நாவலைத் தேடுமுன் அவர் தன் பெயரைக் கோடும் புள்ளியுமாகத் தட்டினார். அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்றது திரை.

“பரவால்ல. பேரச் சரியாச் சொல்லிட்டு இல்லைங்குது பாருங்க.”

பிறகு நாவல். இருக்கிறது என்றது.

மார்ச் 22
அவர் சொல்லியனுப்பி நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவரும் வெறுங்கையோடு போகவில்லை.

ஏப்ரல் 2
அலமாரி அங்கேயே இருக்கிறது, நடுநடுவே இடைவெளிகளோடு. அனுமதியில்லாமல் கை வைத்ததற்கு என்னைக் கீழ்த்தளக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் ஒரு கணினி, திரையில் அதே கட்டங்கள். மதியத்துக்குள் சரிசெய்துவிட்டேன்.